ஆபத்துப் பெட்டியில் ஒரு கத்தரிக்கோல்

சபாபதிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இது அயலூர்க் கடிதம் இல்லை. நீ முன்கட்டில் இருக்கிறாய், நான் தறிக்கட்டில் இருக்கிறேன், நடுவில் இருப்பது ஒரு முற்றமும் உன் அக்காளின் ராட்டையும்தான். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை இந்தத் தெரு பார்த்ததில்லை. வீட்டுக்குச் சக்கரம் கட்டுகிற மகனையும் அது பார்த்ததில்லை, ஆகையால் சிரிக்கிறவர்கள் நம் இரண்டு பேரையும் சேர்த்தே சிரிக்கட்டும். நீ பெட்ரோல் டின் வாங்க ரயிலடிப் பக்கம் போயிருக்கிறாய். மருமகள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். நாளைக் காலை நல்ல நேரம் பார்த்து வண்டியைக் கிளப்பப் போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நேரில் சொல்ல இரண்டு நாளாகப் பார்க்கிறேன். உன் எதிரில் வந்து நிற்கிறேன். உடனே, டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்கிறேன். நீயும் சலிக்காமல், இருக்குது நைனா என்கிறாய். அந்தக் காற்றில் பாதி என் நெஞ்சில் இருந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலை இல்லை.

உன் வண்டியைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று மருமகளிடம் குறைப்பட்டாயாம். இப்போது சொல்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு வருஷம் பிறத்தியார் பஸ்ஸை ஓட்டினாய். அவர்கள் கழித்துப்போட்ட ஒரு பழைய பஸ்ஸையே வாங்கி, ஏனாத்தூர்த் தச்சரை வைத்து, அதற்குள் இரண்டு பலகைக் கட்டில், அடுப்புக்குத் தகரம் அடித்த ஒரு மூலை, கட்டிலுக்கு அடியில் புடவை வைக்கப் பெட்டி, சன்னலுக்குத் திரை என்று ஒரு குடித்தனத்தையே அடக்கிவிட்டாய். தெருப் பிள்ளைகள் மோட்டார் வீடு என்று பேர் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும், வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு நத்தையாய்ப் பிறந்திருக்கலாம் என்றார். நான் சிரித்துவிட்டேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலூர் வழியாக மைசூர்ச் சீமைக்கு ஏறி, அங்கிருந்து நீலகிரித் தோட்டங்களுக்குப் போய், நம் தறிப் புடவைகளை நேரில் கொண்டுபோய் விற்பது உன் திட்டம். சத்திரம் கிடைத்தால் சத்திரம், கிடைக்காவிட்டால் காட்டோரமாக வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்வோம் என்றாய். மைசூரைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் அந்தக் காட்டோரத்தைப் பற்றித்தான். பெண்டு பிள்ளைகளோடு ஊர் இல்லாத இடத்தில் வண்டியில் படுத்தவன் நம் வீட்டில் நீ முதல் ஆள் இல்லை.

அதனால்தான் ஆபத்துப் பெட்டியை நானே கட்டுகிறேன் என்று அடம் பிடித்தேன். அந்தப் பேர் உன் அம்மா வைத்தது. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, புண்ணுக்கு டிங்சர், பஞ்சு, வெளுத்த வேட்டியைக் கிழித்துச் சுருட்டிய கட்டுத்துணி எல்லாம் வைத்திருக்கிறேன். தீப்பெட்டிகள் மெழுகு பூசிய தகர டப்பாவில் இருக்கின்றன. மழைநாளில் நமுத்துப்போன தீக்குச்சியைப் போல ஒரு ஆண்பிள்ளையை அவமானப்படுத்துகிற பொருள் உலகத்தில் வேறு இல்லை, அதை நான் அனுபவித்தவன். அரிக்கேன் விளக்குக்கு மாற்றுத் திரி, சுக்கு, ஓமம், உப்பு. இரண்டு படி அவலும் வெல்லமும் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். சாதாரணப் பசிக்கு அதைத் தொடாதே, வழி அடைபட்ட நாளுக்கு அது. ஊதல் ஒன்று இருக்கிறது, பாப்பாவின் கழுத்தில் கட்டு. நாளெல்லாம் ஊதி உன் காதைத் துளைப்பாள், துளைக்கட்டும், எங்கே இருக்கிறாள் என்று தெரியும். குடிதண்ணீர் டின் வண்டிக்கு வலப்பக்கம், பெட்ரோல் டின் இடப்பக்கம் என்று வைத்துக்கொள், ஒரு நாளும் மாற்றாதே, அவசரத்தில் கை யோசிக்காது. நீ டியூப் ஒட்டுகிற பசையும் ரப்பரும் கொண்டுவந்து வைத்தாய், நல்லது, அது எனக்குத் தோன்றியிருக்காது.

நான் வைக்காத பொருள் கத்தரிக்கோல். மூன்று தடவை கையில் எடுத்தேன், மூன்று தடவையும் திருப்பி வைத்துவிட்டேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிரயாணப் பெட்டியில் கத்தரி வைப்பதில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுப்பதும் இல்லை, தரையில் வைத்தால்தான் மற்றவர் எடுப்பார்கள். இல்லாவிட்டால் உறவு அறுந்துபோகுமாம். அந்த வழக்கத்தை நம்பி நான் பட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் பெட்டியை மூடுகிற நேரத்தில் நீ கடைசியாக ஒன்றை மேலே வைத்தாய். முறுக்கிய வெள்ளைப் பட்டு நூல், கையகலக் கண்டு. என்னடா இது என்றேன். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காட்டுல பூச்சிபொட்டு இருக்குது நைனா. கடிச்சா இதுல ஒரு கட்டு போட்டா போதும். அக்காவ நீ அப்படித்தானே காப்பாத்தினே." மருமகள் அந்தக் கண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாத்தா முடிச்சு என்று பாப்பாவிடம் காட்டினாள். பாப்பா நூலை உருவித் தன் கணுக்காலில் சுற்றிச் சுற்றி விளையாடினாள். டயரில் காற்று இருக்கிறதா என்று முதல் தடவை கேட்டது அப்போதுதான்.

அந்தக் கண்டை உனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்திருக்கலாம். ஆனால் உன் வண்டி நிறையப் பட்டு இருக்கிறது, வேறு நூல் கிடைக்க உனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. உன் மனதில் இருக்கிற நூலைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே கேள். அக்காளின் உயிரை நான் காப்பாற்றவில்லை. அக்காளின் காலை வாங்கியது பாம்பும் இல்லை. அது என் முடிச்சு.

உனக்கு அப்போது எட்டு மாதம். அக்காளுக்கு ஒன்பது வயது. உன் மாமனுக்கு உத்திரமேரூருக்கு அப்பால் ஒரு ஊரில் கல்யாணம். கூறைப்புடவை நான் நெய்தது, முந்தானைக்குக் குஞ்சம் முடிவது மட்டும் பாக்கி, அதைக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து முடிந்துகொள்ளலாம் என்று முறுக்கின பட்டு நூலையும் கையோடு எடுத்துக்கொண்டேன். காதர் பாயின் கூண்டு வண்டியில் புறப்பட்டோம். நீ அவரைப் பார்த்திருக்கிறாய், உனக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பாரே, அவர்தான். புறப்படுகிற அன்று அம்மா இதே போல ஒரு பெட்டி கட்டினாள். அதில் கத்தரிக்கோல் இருந்தது. கல்யாணக் கூறை போகிற வண்டியில் கத்தரியா, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். குழந்தைகளோடு போகிறோம், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்ன செய்வது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. என் கையாலேயே அதை எடுத்து உள்ளே மாடத்தில் வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.

ஐப்பசி மழை. திருமுக்கூடலுக்கு எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாய்ப் புரண்டுகொண்டிருந்தது. வண்டி இறங்க வழி இல்லை, வெள்ளம் வடியட்டும் என்று கரையோரம் ஒரு புங்கமரத்தடியில் தங்கினோம். பக்கத்தில் ஊர் இல்லை. நீங்கள் மூவரும் கூண்டுக்குள், நானும் பாயும் வண்டிக்கு அடியில். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் விடிந்ததும் உனக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், விறகெல்லாம் ஈரம், என் தீக்குச்சியும் ஈரம். கரைக்கு அந்தப் பக்கம் காய்ந்த சுள்ளி இருந்தால் பொறுக்கிக்கொண்டு வாம்மா என்று அம்மா அக்காளை அனுப்பினாள். போன சூட்டில் அலறல் கேட்டது. நான் ஓடினபோது அக்கா தெய்வானை புல்லில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாம்பு நைனா, பாம்பு என்றாள்.

நான் யோசிக்கவில்லை. குஞ்சம் முடிய வைத்திருந்த நூல் மடியில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஏழு சுற்றுச் சுற்றி முடிந்தேன். எந்த முடிச்சு தெரியுமா, தறியில் அறுந்த இழையை முடிகிற அதே முடிச்சு. என் கைக்கு வேறு முடிச்சு தெரியாது. முடிந்துவிட்டு, தறியில் செய்வது போலவே, எச்சிலைத் தொட்டு வைத்து ஒரு இழு இழுத்தேன். ஈரப்பட்ட பட்டு முடிச்சு காய்ந்தால் கவ்விக்கொள்ளும், அதற்கு அவிழ்ப்பு கிடையாது, அறுப்புதான். தறியில் ஓடுகிற பாவு நூலில் அது பெருமை. மகளின் காலில் போடுகிறபோதும், சபாபதி, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கை நடுங்காமல் எவ்வளவு சுத்தமாகப் போட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.

காதர் பாய் பாம்பை அடித்துக் குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் காலைக் குனிந்து பார்த்தார். "மொதலியாரே, இது தண்ணிப் பாம்புபா. பல்லு வரிசையா கீறியிருக்குது பாரு. நல்ல பாம்பு கடிச்சா ரெண்டே குத்துதான் இருக்கும்" என்றார். வண்டியைப் பூட்டும், பாம்பு ஜோசியம் அப்புறம் பார்க்கலாம் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாம்பைச் சாக்கில் சுருட்டி வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு மாட்டைப் பூட்டினார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி இருப்பது அவருக்குத் தெரியும். நல்ல நாளில் அரைநாள் வழி. அன்று பாதையெல்லாம் சேறு, சக்கரம் மூன்று இடத்தில் அச்சு வரைக்கும் இறங்கிற்று. முதலில் அக்கா பசிக்கிறது என்றாள், அவல் தின்றாள். விஷம் ஏறின பிள்ளை அவல் தின்னுமா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடித்த இடத்தில் வீக்கம் இல்லை, அதையும் பார்த்தேன். முடிச்சு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வெயில் ஏறினபோது அவள் அழ ஆரம்பித்தாள். "கடிச்ச எடம் வலிக்கல நைனா. கட்டின எடம்தான் வலிக்குது. கொஞ்சம் தளத்துப்பா." தளர்த்தினால் விஷம் தலைக்கேறிவிடும், பொறுத்துக்கொள் கண்ணு என்றேன். எத்தனை தடவை கேட்டாள் என்று எனக்கு நினைவில்லை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கால் மரத்துப்போயிற்று, வலி தெரியவில்லை என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் காதர் பாய் வண்டியை நிறுத்தி, என்னைக் கேட்காமலே அவள் காலைத் திறந்து பார்த்தார். கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவிழ்க்கப் போனேன். முடிச்சைக் காணவில்லை. சதை வீங்கி இரண்டு பக்கமும் மேடு கட்டிவிட்டது, நூல் உள்ளே எங்கோ இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். நூலைப் பல்லால் அறுத்துப் பழகினவன் நான், அன்று என் பல்லுக்கு நூல் எட்டவில்லை. கத்தரிக்கோல் வீட்டு மாடத்தில் இருந்தது. பாயின் புல்லரிவாளை வாங்கி வைத்துப் பார்த்தேன், நூலுக்குப் பதில் தோல் வெட்டி ரத்தம் வந்தது. அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள். அரிவாளைப் போட்டுவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் நுனி வளைந்த ஒரு சின்னக் கத்தரியை உள்ளே விட்டு ஒரே வெட்டில் அந்த நூலை அறுத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

காதர் பாய் சாக்கைப் பிரித்துக் காட்டினார். டாக்டர் பாம்பைப் பார்த்தார், அப்புறம் என்னைத் தனியாக வெளியே அழைத்துக்கொண்டு போனார். நம்மூர்ப் பக்கத்து ஆள்தான், அதட்டிப் பேசவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இதுல விஷமே கிடையாதுங்க. கட்டு போடாம விட்டிருந்தா சாயங்காலம் ஓடி விளையாடியிருக்கும்" என்றார். மூன்றாம் நாள் அவள் காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம், காதர் பாய் பக்கத்தில்தான் இருந்தார். விஷம் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டதாம், கட்டுப் போட்டிருக்காவிட்டால் உயிரே போயிருக்குமாம் என்றேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. நினைத்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. காதர் பாய் என்னைப் பார்க்காமல் மாட்டைத் தட்டிக் கொடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவர் மௌத்துக்குப் போய் நானும் ஒரு பிடி மண் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது என் மனதில் இருந்தது துக்கம் இல்லை. இனி யாருக்கும் தெரியாது என்ற நிம்மதி. உன் அப்பன் இப்படிப்பட்டவன்.

ஆனால் நான் செய்த பெரிய பாவம் முடிச்சும் இல்லை, அந்த வராந்தாப் பொய்யும் இல்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் புற்றுக்குப் பால் ஊற்றப் போவாளே, நீயும் சின்ன வயதில் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாயே, அது எதற்கு என்று நீ நினைத்தாய்? "நான்தாங்க சுள்ளி பொறுக்க அனுப்பிச்சேன். என் வாயாலதான் அனுப்பிச்சேன்." இதை அவள் அக்காளிடம் சொல்லமாட்டாள், உன்னிடம் சொல்லமாட்டாள், என்னிடம் மட்டும் சொல்வாள். கடிக்காத விஷத்துக்கு அவள் பரிகாரம் செய்துகொண்டிருந்தாள், நான் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் வேண்டும் என்று சொன்னவள் அவள். எடுத்துப் போட்டவன் நான். போன வருஷம் அவள் கடைசியாய்ப் படுத்திருந்தபோதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தூங்கு என்றேன். தலையணையைச் சரி செய்தேன். அவள் அந்தப் பாரத்தோடேயே போய்விட்டாள். இதற்கு எந்தப் புற்றில் நான் பால் ஊற்றுவது?

ஊர் வேறு என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டது. விஷத்தை முடிச்சில் நிறுத்தினவர் என்று பேர். பூச்சி கடித்ததென்று யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எனக்கு ஜுரம், கை ஆகாது, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று தப்பித்துக்கொள்வேன். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு புகழ். ஒருமுறை மட்டும் ஐயம்பேட்டையிலிருந்து ஒருவன் பட்டு நூல் கண்டோடு வந்தான். வயல்காட்டில் போகிறவன், இடுப்பில் வைத்துக்கொள்கிறேன், உங்கள் கையால் தொட்டு மட்டும் கொடுங்கள் என்றான். தொட்டுக் கொடுத்தேன். அந்த நூல் இப்போது யார் இடுப்பில் இருக்கிறதோ, யார் காலில் ஏறியதோ. நீ கிளம்பின பிறகு நான் போகிற முதல் இடம் ஐயம்பேட்டைதான். அவன் பேர் தெரியாது, முகம் தெரியும், தெருத் தெருவாகக் கேட்கிறேன்.

இப்போது உனக்கு. காட்டில் எது கடித்தாலும் நூல், கயிறு, கம்பி எதையும் எடுக்காதே. கட்டாதே. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வைத்துத் தூக்கி வண்டியில் போடு, ஓட்டு. உன்னிடம் மாடு இல்லை, மோட்டார் இருக்கிறது, அதுதான் உன் மருந்து. அதனால் பெட்ரோலை அடிமட்டம் வரைக்கும் விடாதே, வண்டியை எப்போதும் பாதையைப் பார்த்தே நிறுத்து, அன்றன்றைக்குத் தங்குகிற இடத்திலிருந்து ஆஸ்பத்திரி எந்தத் திசை என்று வெளிச்சம் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள். மருமகளுக்கும் அதைச் சொல்லு, கடிபடுவது நீயாகவும் இருக்கலாம். அவள் ஒன்று வேண்டும் என்று பெட்டியில் வைத்தால் எடுக்காதே, உனக்கு அது அசட்டுத்தனமாய்ப் பட்டாலும் எடுக்காதே. முக்கியமாக, வலிக்கிற பிள்ளை எங்கே வலிக்கிறது என்று சொன்னால், அதைக் கேள். பாப்பா ஐந்து வயதுப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. அவள் கால் அவளுக்குத் தெரியும்.

இவ்வளவு எழுதி முடித்தபோது, உனக்குச் சொல்லுகிறதை முதலில் அக்காளுக்கல்லவா சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று. காகிதத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அக்கா ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள், ஊன்றுகோல் பக்கத்தில் கிடந்தது. எதிரே உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து படித்தேன். கூறைப்புடவை, வெள்ளம், முடிச்சு எல்லாம் படிக்கிற வரைக்கும் அவள் கை ராட்டையை விடவில்லை. டாக்டர் சொன்னதைப் படித்தேன். "தெரியும் நைனா. என் காலு இல்லியா. வலிச்ச எடம் எனக்குத் தெரியாதா" என்றாள். இருபத்தைந்து வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் அம்மாவும் அவளுக்காகப் பேசி வைத்து மறைக்கிறோம், எங்களை ஏன் சங்கடப்படுத்துவது என்று இருந்துவிட்டாளாம். மேலே படித்தேன். புற்றுக்குப் பால் வந்ததும் ராட்டை நின்றுவிட்டது.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"சாவற வரைக்கும் சொல்லலியா நீ?"

சொல்லவில்லை என்றேன். அவள் அழவில்லை. "என் காலுக்கு நான் உன்ன ஒண்ணும் கேக்கல நைனா. அம்மாவுக்கு நீ சொல்லியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்லுவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் முகத்தை ராட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு தார்க்கூடைக்குள் கையை விட்டுத் தன் கத்தரிக்கோலை எடுத்தாள். தினம் அவள் கையில் புழங்குகிறது, நுனி தேய்ந்து மெலிந்திருக்கிறது, எவ்வளவு இறுகின நூலுக்கு அடியிலும் போகும். இதைத் தம்பிக்கு நான் கொடுக்கிறேன், நீ பெட்டியில் வைக்காதே என்றாள். பழைய பழக்கம், என் வாய் சும்மா இருக்கவில்லை, உறவு அறும் என்பார்களேம்மா என்றேன். "அறுக்க இன்னும் இன்னா மிச்சம் இருக்குது" என்றாள்.

பட்டுக் கண்டை நான் எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் கிளம்பினாலும் நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று மட்டும் செய். நாளைக் காலை நீ வண்டியில் ஏறும்போது அக்கா கத்தரிக்கோலோடு வாசலுக்கு வருவாள். வழக்கப்படி அவள் அதைத் தரையில் வைக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. ஊன்றுகோலோடு நிற்கிறவளால் குனிய முடியாது. கையை நீட்டி வாங்கிக்கொள்.

நைனா